நஞ்சுக்கொடியில் இருந்த மலேரியா

1. லேபுக்கு வந்த பாத்திரம்

நான் பெத்தாலஜி டாக்டர். பணிக்காலம் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். நோயாளிகளின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். சித்தூரில் வேலை பார்த்தபோது ஒரே ஒரு முறை பிரசவ வார்டுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோபம் தணியவில்லை.

செல்வி, சித்தூர்ப் பக்கம் நகரி என்ற ஊர்ப் பெண். அவள் கணவனும் அவன் தம்பியும் பவர்லூம் ஓட்டியவர்கள். தறி வேலை குறைந்ததும் ஒரு மேஸ்திரி இரண்டு குடும்பத்தையும் ஒடிசா மலைக்காட்டில் ரோடு போட அழைத்துப் போயிருந்தார். அங்கேதான் செல்வி முதல்முறை கர்ப்பமானாள். மலேரியா வந்தது. கேம்ப் கம்பவுண்டர் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் விட்டதும் போதும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்.

பிரசவத்துக்கு ஊர் திரும்பியபோது வெளுத்துப்போயிருந்தாள். எங்கள் மருத்துவமனையில் விரலில் குத்தி, ரத்தத் துளியை ஸ்லைடில் தடவி, மலேரியா கிருமி இருக்கிறதா என்று ஸ்மியர் பார்த்தார்கள். நெகட்டிவ். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. காரணம் புரியாமல், பிரசவம் பார்த்த டாக்டர் நஞ்சுக்கொடியை ஒரு பாத்திரத்தில் போட்டு எனக்கு அனுப்பினார்.

அதில் ஒரு துண்டை வெட்டி, ஸ்லைடில் ஒற்றி, ஜெம்சா என்ற சாயம் ஏற்றினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா கிருமிகள். ரத்தம் குடித்த கிருமி விட்டுப்போகும் கறுப்பு நிறமி அப்பிக் கிடந்தது.

2. ராசி

விஷயத்தைச் சொல்ல வார்டுக்குப் போனேன். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் மாமியார் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் ராசியில்லாதவளாம். வந்த நாளிலிருந்து வீட்டில் ஒன்றும் விளங்கவில்லையாம். டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்களாம். செல்விக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். குழந்தையைக் கொன்றது மலேரியா, இவள் ராசி இல்லை என்றேன். மாமியார் அசரவில்லை.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு உங்க ஆஸ்பத்திரிலதானே சொன்னாங்க? இப்ப கீதுன்னா நான் எத நம்பறது?"

நியாயமான கேள்வி. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து வளர்கிறது. கெட்டுப்போன சிவப்பணு மண்ணீரல் வழியாகப் போனால் மண்ணீரல் அதை அழித்துவிடும். அங்கே போகாமல் தப்பிக்க, கிருமி ஒரு புரதத்தைத் தயாரித்து அணுவின் வெளிப்பக்கத்துக்குத் தள்ளுகிறது. மேலெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள் வந்து, வழவழப்பாக ஓட வேண்டிய அணு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மூளையின் ரத்தக்குழாய்களில் ஒட்டினால் ஆள் நினைவிழப்பார். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் ஒட்டுவதற்கென்றே தனியாக ஒரு புரதம் உண்டு. ஒட்டிய இடம் வீங்கி, பிள்ளைக்குப் போகும் சத்தும் காற்றும் குறைகின்றன. கிருமியெல்லாம் அங்கே குடியிருக்கும்போது விரல் ரத்தத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இதைத்தான் அவருக்குப் புரிகிற வார்த்தைகளில் சொன்னேன்.

செல்வி முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"என் ஓரகத்தி கோமளா அங்கியேதான் கீறா மேடம். ஆறு மாசம். அவளுக்கும் ஜுரம் வந்து வந்து போவுது."

3. போன்

மாமியார் சின்ன மகனுக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். கோமளாவை உடனே கூட்டிவரச் சொன்னேன். அங்கே அவன் பக்கத்திலிருந்த மேஸ்திரி போனை வாங்கிக்கொண்டார்.

"காட்டு வேலன்னா ஜுரம் வரத்தான் வரும் மேடம். மாத்திர குடுத்தா விட்டுப்பூடுது. ரெண்டு ஆள் கெளம்பிட்டா எனக்கு வேல நின்னுபூடும்."

கேம்ப்பில் கொசுவலை இருக்கிறதா என்று கேட்டேன். முழு மாத்திரையும் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் கம்பவுண்டர் வேலை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் போனைப் பிடுங்கினார்.

"என் பேரப்புள்ளய மண்ணுல வெச்சிட்டு வந்துகீறேன். அவள இன்னிக்கே ரயில் ஏத்து. இல்லாட்டி நான் அங்க வந்து உன் கேம்ப் வாசல்ல உக்காந்துக்குவேன்."

கோமளா வந்தாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் ஸ்மியரில் கிருமி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. கொஞ்சம்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. மருந்தை முழுக்கக் கொடுத்தார்கள். பிறந்த பெண் குழந்தை எடை குறைவுதான், ஆனால் பிழைத்துக்கொண்டது. அந்த கேம்ப்பைப் பற்றி அதிகாரிகளுக்கு எழுதினேன். ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை. மேஸ்திரி அடுத்த கோடையிலேயே வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்.

4. ரிப்போர்ட்

செல்விக்கும் மருந்து முழுசாகக் கொடுத்தோம். டிஸ்சார்ஜ் அன்று அவளாகவே லேபைத் தேடி வந்தாள். பின்னால் அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அன்னிக்கு எங்க அத்தகிட்ட சொன்னத இவருகிட்டயும் சொல்லுங்க மேடம். நான் சொன்னா கேக்க மாட்றாரு."

வாசலில் நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன். அவன் நிமிரும்வரை சொன்னேன்.

லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்மியர் நெகட்டிவ் என்றால் அந்தத் துளியில் கிருமி இல்லை, அவ்வளவுதான். நோயாளி எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். யார்மீது பழி விழுந்திருக்கிறதோ அவர் வீட்டு மனிதர்களைக் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தால் சத்தமாகவே சொல்லுங்கள்.