மதினி நாற்காலி போட்டு உட்கார்ந்த நாள்

மதினி போய் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. திதிக்கு வந்து இலையில் உட்காருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் முடிவு செய்து, எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "அத்தை, நீங்க வாய் ஓயாமப் பேசுறதை அப்படியே எழுதுங்க, போதும்" என்றார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்தக் கல்கத்தாவில் இருந்துகொண்டு தமிழ் எழுத்தை மறக்காமல் வைத்திருப்பதே, ஊரிலிருந்து வருகிற காலண்டரையும் பொட்டலத் தாளையும் விடாமல் படித்துத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி பிறந்தது கோவில்பட்டியில். தபால் ஆபீஸ்காரர் வீட்டு மூன்றாவது பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பும் பாஸ் செய்தவர்கள். துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, இரண்டு ராத்திரி ரயிலில் வந்து ஹௌராவில் இறங்கினார்கள். கூடவே பன்னிரண்டு வயதில் நானும் இறங்கினேன். எங்கள் அம்மா இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பவானிபூரில் ஒற்றை அறை. முதல் நாளே நான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். புதுப்பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க அழுறதுக்குன்னு தனி ரூம் கிடையாது கோமு. நான் இருக்கேன்னு பார்க்காதே, நல்லா அழு" என்றார்கள். அப்படி ஒரு ஆறுதலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பிறகு மதினிக்குத் தேயிலைக் கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. இருபத்தாறு வருஷம். காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டால், மறுமுனையில் எவ்வளவு பெரிய துரை கத்தினாலும் "லைன்ல இருங்க சார்" என்று ஒரே சுருதிதான். "கத்துறவன் களைச்சுப் போவான். நாம களைக்கக் கூடாது. அவ்வளவுதான் இந்த வேலை" என்பார்கள்.

என் கல்யாணத்தையும் அவர்கள்தான் முடித்து வைத்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரு பையோடு நான் திரும்பி வந்தபோது என்ன ஏது என்று கேட்கவில்லை. தட்டைப் போட்டார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "வாழாவெட்டியை வீட்டில வச்சிருக்கது உனக்கு நல்லதா?" என்று மதினியிடம் ஆரம்பித்தார். "அவ வந்தது அவ வீட்டுக்கு. நீங்க வந்தது விருந்துக்கு. காப்பி ஆறுது, குடிங்க" என்றார்கள். அவர் குடித்துவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினார்.

பெஹாலாவில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு தெரு முழுக்க அவர்களுக்கு ஒரே பெயர், பௌதி. வங்காளத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆக, நான் வீட்டுக்குள் மதினி என்று கூப்பிட்டவர்களை வெளியே நூறு பேர் மதினி என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

இனி அந்தப் புயலைப் பற்றி. ஊரடங்கு போட்டிருந்த அந்த வருஷம், மே மாதம். கல்கத்தாவில் இருந்த எல்லோருக்கும் அதைப்பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கும். எங்கள் கதை இது.

மத்தியானம் ஆரம்பித்த காற்று. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றாக உள்ளே வந்து விழுந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பறந்து எங்கள் சுவரில் மோதியது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை. தெருமுனையில் இருந்த பெரிய கிருஷ்ணசூடா மரம் கரண்ட் கம்பத்தையும் சாய்த்துக்கொண்டு விழுந்து கிடந்தது. பச்சை இலை வாசனை மூக்கை அடைத்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, மோட்டார் ஓடாததால் எந்த மாடியிலும் தண்ணீர் இல்லை.

எங்கள் அண்ணனுக்கு நுரையீரல் வியாதி. கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது. ஆபத்துக்கு என்று இரண்டு சிலிண்டர் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஷிப்ரா, ரிட்டயர் ஆன நர்ஸ், அளவு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் வரைக்கும் வரும்" என்றாள். கொரோனா காலம், இந்த நுரையீரலோடு ஆஸ்பத்திரிக்குள் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். போகலாம் என்றாலும் மரத்தைத் தாண்டி வண்டி வராது. பிள்ளைகள் ஒருவன் பெங்களூரில், ஒருத்தி புனேயில். போனும் கிடையாது, வழியும் கிடையாது.

மதினி முகத்தில் மாஸ்க்கைக் கட்டினார்கள். பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தார்கள். எழுபதை நெருங்கிய மனுஷி, விழுந்த மரத்தைக் கிளை கிளையாகத் தாண்டி, மெயின் ரோட்டு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மரம் வெட்டும் வண்டிகளும் கரண்ட் ஆபீஸ் லைன் வண்டிகளும் அந்த ரோட்டில்தான் போய் வந்துகொண்டிருந்தன. ஒன்றையும் விடவில்லை. அரை மணியில் எங்கள் தெருப் பெண்கள் காலி வாளிகளோடு வந்து பின்னால் வரிசையாக நின்றார்கள்.

அண்ணன் பக்கத்தில் ஷிப்ராவை உட்கார வைத்துவிட்டு நான் இறங்கிப் போனபோது, ஒரு லைன் வண்டி நாற்காலிக்கு முன்னால் நின்றிருந்தது. எங்கள் வட்டாரத்தில் எல்லாவற்றையும் நடத்தி வைக்கிற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மதினியிடம் கத்திக்கொண்டிருந்தார். "நீங்க மெட்ராஸ்காரங்க. வந்த இடத்தில் அடக்கமா இருங்க."

மதினி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மித்ரா பாபு, இன்சுலின் போட்டுக்கொள்கிற வயசாளி, கைத்தடியைத் தூக்கிவிட்டார். "பௌதி மெட்ராஸ்னா இந்தத் தெருவே மெட்ராஸ்தான். நானும் மெட்ராஸ்தான். இப்போ என்ன செய்வே?"

வாளிகள் டங்கென்று சத்தம் போட்டன. அந்த மனுஷர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மெயின் ரோட்டில் கரண்ட் வந்துவிட்டது, அங்கிருந்து ஒரு வயர் இழுத்து உங்கள் வீட்டுக்கு மட்டும் இப்போதே கொடுத்துவிடலாம், நோயாளி இருக்கிற வீடு, பௌதியை எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்றார்.

நான் சரி என்றேன். மதினியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

லைன்மேன் ஏணியைச் சாத்தி, எங்கள் வீட்டுப் பக்கம் வயரை நீட்ட ஆரம்பித்த பிறகுதான் மதினிக்கு விஷயம் தெரிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த ஏணிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க மதினி."

"மாட்டேன்."

"அங்க முள்ளு எங்க நிக்குன்னு தெரியுமா?"

"விடிஞ்சதுல இருந்து அதைத்தான் பார்க்கேன். நீ இப்பதான் பார்த்தியா?" குரல் ஏறவில்லை. "நம்ம வீட்டுல லைட் எரிஞ்சா நான் எந்திரிக்கணும். நான் எந்திரிச்சா இவங்க ஏணியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் ஒரு வாரத்துக்கு இந்தத் தெருவை எவன் திரும்பிப் பார்ப்பான்? கடைசி வீட்டுல பிள்ளை பிறந்து இருபது நாள். மித்ரா பாபு மருந்து ஐஸ் இல்லாம மூணு நாளா வெந்துக்கிட்டு இருக்கு."

"ஊருக்கெல்லாம் நீங்கதான் பொறுப்பா? அண்ணனை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "அப்ப நான் யாரு கோமு?"

அதற்கும் நான் அடங்கவில்லை. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். தமிழ் தெரியாத தெரு என்பதால் என் மானம் தப்பியது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்தே மித்ரா பாபுவுக்கு விளங்கிவிட்டது. "பௌதி, வயரை வாங்கிக்கோங்க. எங்களை விடுங்க" என்று கெஞ்சினார்.

"பாபு, உங்ககிட்ட யாரும் யோசனை கேட்கலை. போய் நிழல்ல நில்லுங்க" என்றார்கள் மதினி.

அந்த லைன்மேன் நரைத்த தலை, மூன்று நாளாகத் தூங்காத கண். "மெஷின்ல இருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"என் புருஷன்."

அவர் கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டு, தன் ஆட்களிடம் மரத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு தெருவுக்குப் போகச் சொல்லிக் கத்தினார். "நீங்க வேணும்னா போங்க" என்று ரம்பத்தை எடுத்தார் லைன்மேன். வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டது எங்கள் தெரு. பெண்களும் ரிட்டயர் ஆன கிழவர்களும்தான்.

நான் மேலே ஓடினேன். மத்தியானம் மூன்று மணிக்கு முள் சிவப்பைத் தொட்டது. ஷிப்ரா ஆக்ஸிஜனைக் கொஞ்சம் குறைத்து, அண்ணனைத் தலையணை மேல் முன்னால் சாய்த்து உட்கார வைத்து, "ஊதுங்க, மெதுவா ஊதுங்க" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் உதடு நீலம் பூத்தது. அந்த இரண்டு மணி நேரம் மதினி மேலே வரவில்லை. வெயில் சாயும்போது, கீழே கம்பத்தை நிமிர்த்திக் கம்பியை இழுத்துக் கட்டியதும், மெஷின் தானாக உறுமியது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதினார்கள்; நம் ஊர் மாதிரி இல்லை, இங்கே நல்லது நடந்தால்தான் சங்கு. அதற்குப் பிறகுதான் மதினி படியேறி வந்தார்கள். வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர்கள், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நான் மழைக்காலம் பாதி வரை அவர்களோடு பேசவில்லை. அவர்களும் சமாதானம் சொல்லவில்லை. ஒரு நாள் அடுப்படியிலிருந்து "கறிவேப்பிலை இருக்கா?" என்றார்கள். "இருக்கு" என்றேன். அப்படி முடிந்தது.

போன வருஷம், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே சாய்ந்து, இரண்டே நாளில் போய்விட்டார்கள். எல்லோரும் அண்ணனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். அண்ணன் இதோ, மூக்கில் குழாயோடு, நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இத்தனை வருஷத்தில் கேட்காததை இப்போது கேட்டேன்: "அன்னைக்கு நீ என்னண்ணே நினைச்சே?"

"செத்துருவேன்னு நினைச்சேன். அவளை வஞ்சேன். வாயைத் திறக்க முடியலை, மனசுக்குள்ள வஞ்சேன்" என்றது அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா அவ எந்திரிச்சிருந்தா, அப்புறம் இந்தத் தெருவில எந்த முகத்தை வச்சுக்கிட்டு மூச்சு விட்டிருப்பேன்?" என்றது.

அன்றைக்கு அண்ணன் பக்கத்தை விட்டு நகராத ஷிப்ராவுக்கும், இன்றும் தினம் வந்து அண்ணனோடு காப்பி குடிக்கிற மித்ரா பாபுவுக்கும், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பிவிட்ட அந்த லைன்மேனுக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த எங்கள் தெருவுக்கும், இன்று தூரம் பார்க்காமல் வந்திருக்கிற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மதினி, நீங்கள் செய்தது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. நீலம் பூத்த அந்த உதட்டைப் பார்த்தவள் நான். சொல்லவும் மாட்டேன். ஆனால் இன்றைக்கு இந்தப் பந்தியில் யாராவது ஒருவர் அது தப்பு என்று வாயைத் திறக்கட்டும், அப்போது இருக்கிறது அவர்களுக்கு.