டிரிம்மரில் வெட்டிய மாத்திரை

பனியன் கம்பெனி சிக் ரூம் வேலை என்பது பாதி லைட்டை அணைப்பது, மீதி வாயை மூடிக்கொண்டிருப்பது. ஒத்தத் தலைவலி உள்ளவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தர் செருப்பைத் தேய்த்து நடந்தாலே மண்டைக்குள் ஆணி இறங்கும். எனக்கும் அது உண்டு. அதனால்தான் பெரிசாகப் படிக்காத என்னை இந்த ரூமுக்குப் போட்டார்களோ என்னமோ. ரெண்டு கட்டில், ரிஜெக்ட் துணியில் தைத்த கறுப்புத் திரை, ஒரு பானைத் தண்ணீர், இவ்வளவுதான் என் ராஜ்யம். மாத்திரைப் பெட்டிச் சாவி நர்ஸ் ஸ்டெல்லாவிடம். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. நான் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யும் ஆள், எல்லோருக்கும் ராசாத்தியக்கா.

லைனுக்குப் பொதுச் சொத்து

எங்கள் தையல் லைனில் எதையும் தனியாக வைத்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது. ஊறுகாய் பொது, ஊசி பொது, ஹேர்பின் பொது. ஓவர்லாக் மெஷினில் உட்காரும் சரசுவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தலைவலி மாத்திரையும் பொதுவாகிவிட்டது. அட்டையை வாங்கி வந்ததும் நூல் நறுக்குகிற டிரிம்மரால் அட்டையோடு சேர்த்து ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவாள். அட்டைக்குப் பின்னால் அச்சடித்த பேர் ஒருத்தியிடம் கால், இன்னொருத்தியிடம் அரை என்று லைன் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

ஒரு நாள் சிக் ரூமுக்கு வந்த சரசுவின் பர்ஸிலிருந்து அப்படி ஒரு துண்டு கீழே விழுந்தது. ஸ்டெல்லா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன மாத்திரைக்கா?”

“தலைவலிக்குங்க.”

“பேரு?”

“பேரெல்லாம் யாருங்க பார்த்தா? வெள்ளையா, சின்னதா இருக்கும்.”

டார்கெட் கூடுதலான நாளில், வலி வருவதற்கு முந்தியே ஒன்று போட்டுக்கொள்வாளாம். அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிவரும், டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது என்று ஸ்டெல்லா பொறுமையாகச் சொன்னாள். சரசு என்னைப் பார்த்துச் சிரித்தாள்: “மாத்திரையாலயே தலைவலி வருமாமா! ஏனுங்க்கா, உங்க நர்ஸ் புள்ளைய டிவியில பேச விடலாமுங்க.”

மாஸ்டரின் தலை

கட்டிங் மாஸ்டருக்கும் தலைவலி. சரசுவின் மாத்திரை வேண்டும் என்று நேராக சிக் ரூமுக்கே கேட்டு வந்துவிட்டார். ஸ்டெல்லா அவர் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. “இந்த மாதிரி மாத்திரையில சிலது ரத்தக்குழாயைச் சுருக்கும் சார். இவ்வளவு பிரஷரை வச்சிக்கிட்டுப் போட்டியன்னா நெஞ்சுக்கு ஆகாது. முதல்ல டாக்டரப் பாருங்க.”

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று கேட்டார்: “ஏம்புள்ள, சரசு தலையும் என்ற தலையும் ஒரே கம்பெனியிலதான வேலை செய்யுது?”

ரெண்டு கோடு

சரசுவுக்குப் பக்கத்து மெஷின் மலர். குன்னத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற பிள்ளை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று வேனுக்குள்ளேயே நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே ரூமுக்கு வந்தது. திரையை இழுத்துவிட்டு நெற்றியில் ஈரத்துணி போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்தது.

“அக்கா, எனக்குத் தள்ளிப் போயிருக்குதுங்க.”

எனக்கு வாயெல்லாம் பல். அது மட்டும் சிரிக்கவில்லை. “சரசக்கா குடுத்த மாத்திரைய காலைல போட்டுட்டனுங்க.”

ஸ்டெல்லா பரிசோதித்தாள். ரெண்டு கோடு விழுந்தது. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வியே மாத்திரையின் பேர்தான். ஒத்தத் தலைவலி மாத்திரையில் சிலது பிள்ளையுண்டானவர்களுக்கு ஆகவே ஆகாதாம். பேர் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். சரசுவை ஓடிப் போய்க் கேட்டேன். உடுமலைப்பேட்டையில் அம்மா ஊட்டுக்குப் போனபோது பார்த்த டாக்டர் எழுதியது, சீட்டு துணியோடு துணியாகத் துவைபட்டுப் போய்விட்டது என்றாள். நான் வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் மலருக்குப் புரிந்துவிட்டது: “இத்தன நாளா கேட்டத சாமி குடுத்த அன்னைக்கே நானே கெடுத்துட்டனாங்க்கா?”

பீஸ் சேர்த்தது

சரசு மெஷினை நிறுத்தினாள். ஷிப்மெண்ட் நேரத்தில் மெஷின் நின்றால் சூப்பர்வைசர் பாய்ந்து வருவார், வந்தார். “எல்லாரும் பர்ஸைக் கொட்டுங்க! நான் குடுத்த துண்டு, போட்டதோ போடாததோ, வெறும் அட்டையோ, அத்தனையும் வேணும்!” என்று அவள் அழுதுகொண்டே கத்தியதைக் கேட்டு அவரும் ஒதுங்கி வழிவிட்டார்.

செக்கிங் டேபிளில் துண்டுகள் வந்து விழுந்தன. பனியனுக்குக் கையும் உடம்பும் பொருத்துகிற கைகள் அல்லவா. ஓரத்தோடு ஓரம் வைத்து அட்டையைச் சேர்த்தார்கள். இந்திக்காரப் பிள்ளை ஒருத்தி குப்பைக்கூடையையே கவிழ்த்துத் தேடி ஒரு துண்டு கொண்டுவந்தாள். பேரின் பின்பாதி சேர்ந்துவிட்டது, முன்பாதி கிடைக்கவில்லை. அப்போது கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். சரியாகப் பொருந்தியது. ஸ்டெல்லா பேரைப் படித்துக்கொண்டே போனுக்கு ஓடினாள். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். அவர் சொன்னார்: “வாங்குனது நெசந்தானுங்க, ஆனா போடலீங்க. அந்த நர்ஸ் புள்ள சொன்னது காதுலயே நின்னுக்கிச்சு.”

மலர் சொன்ன கணக்கு

அந்த மாத்திரை பிள்ளையுண்டானவர்களுக்கு ஆகாததுதான். ஒரு தடவை போட்டதற்குப் பயந்து நடுங்க வேண்டாம், இனிமேல் தொடவே கூடாது, இன்றைக்கே கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். கூட்டிப்போனோம். பிறகு ஸ்கேன் எடுத்த நாளில் சரசுவும் லீவு போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலர் வெளியே வந்து, “நல்லா இருக்குதாமுங்க. ஓவர்லாக் மெஷின் ஓடற மாதிரியே துடிக்குதுங்க்கா,” என்றதும் இந்த ஓவர்லாக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மலருக்குத் தலைவலி இப்போதும் வரத்தான் செய்கிறது. திரை, ஈரத்துணி, நேரத்துக்குச் சோறு, அதற்கும் அடங்காவிட்டால் இந்த மாதத்துக்கு இது ஆகும் என்று டாக்டர் எழுதின மாத்திரை. சரசு தன் டாக்டரைத் திரும்பப் பார்த்து வந்து, அவர் சொன்ன நாளில் மட்டும் போடுகிறாள். அட்டையில் டிரிம்மர் படுவதில்லை. போன வாரம் மலர் படுத்திருந்தபோது செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்து, “கண்ணு, ஏதாச்சும் வேணுமா?” என்றாள்.

மலர் கண்ணைத் திறக்காமலே சொன்னது: “உங்ககிட்ட இனி ஊறுகாய் மட்டுந்தானுங்க சரசக்கா. அதைக் கொஞ்சம் கூடவே போடுங்கொ.”

எங்கள் லைனில் ஊறுகாயிலிருந்து ஊர்வம்பு வரைக்கும் இன்றைக்கும் எல்லாம் பொதுதான். தலையும் அதற்கான மாத்திரையும் மட்டும் ஒருவழியாக அவரவர் பேருக்கு வந்திருக்கின்றன.