அந்தப் பாட்டில் செத்துப்போனவள்

போன வருடம் ஓணம் முடிந்த வாரம் நடந்தது இது. பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழா. எனக்கு அமரவிளையில் மின்சாதனக் கடை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் என்னைக் கடைக்காரனாகத் தெரிந்தவர்களைவிட, விழா மேடைகளில் மைக் பிடிப்பவனாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். குரல் கொஞ்சம் கனமாக இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

எங்கள் பகுதிக்கு என்று ஒரு ராக் பாட்டு இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் பாறசாலைப் பக்கத்துச் சர்ச் கொயரில் பாடிக்கொண்டிருந்த நாலு இளைஞர்கள் சேர்ந்து எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து ஒரு குழு நடத்தினார்கள். ஒரே ஒரு கேசட் போட்டார்கள். அதில் வந்த பாட்டு. மூடிக்கிடக்கும் ரயில்வே கேட்டைப் பார்த்துப் பாடுவது போல இருக்கும். ‘நாற்பத்தெட்டு எண்ணிட்டேன், இன்னும் நீ திறக்கல்லியே’ என்று ஒரு வரி வரும். கேசட்டெல்லாம் எப்போதோ தொலைந்துவிட்டது. பாடியவர் பின்னாளில் வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஏதோ ஒரு கூட்டத்தில் தனியாக ஒரு கிட்டாரோடு மெதுவாகப் பாடிய பதிவுதான் எங்களுக்கு மிஞ்சியது. அதைக் கேட்டுத்தான் கல்லூரிப் பிள்ளைகளும் கல்யாண வீட்டுக் குழுக்களும் பாடிப் பாடி, அது ஊர்ப் பாட்டாகவே ஆகிவிட்டது.

பாட்டுக்கு ஒரு கதையும் உண்டு. பாடகரின் காதலி அந்த ரயில்வே கேட்டில் வண்டியில் அடிபட்டு இறந்துபோனாள். அவர் கேட்டுக்கு இந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் துக்கத்தில் எழுதியது. இது ஊரில் உலவிய கதை. மேடைக்கு மேடை அதைச் சொல்லி வளர்த்தவன் நான். தண்டவாளத்தில் கிடந்த ஒற்றைக் கொலுசு முழுக்க என் சரக்கு. நாற்பத்தெட்டு என்பது அவள் இறந்தபின் அவர் சாப்பிடாமல் கிடந்த நாட்கள் என்றும் சொல்வேன். நான் கொலுசுக்கு வரும்போது கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்வேன்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, எங்கள் வீட்டுப் பசுவுக்குக் குளம்புநோய் ஊசி போட மாட்டாஸ்பத்திரி அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வருடக்கணக்காக ஸ்கூட்டரில் வீடு வீடாக வந்துபோகிறவர். வளவளவென்று பேச மாட்டார். ஊசி போட்டு, கையைக் கழுவிவிட்டு, அன்றைக்கு மட்டும் போகாமல் நின்றார்.

“தம்பி, அந்த ரயில்வே கேட்டுப் பாட்டுக்க கதை நீங்களாக்கும் சொல்லுதது, இல்லியா?”

“ஆமாக்கா. கேட்டிருக்கியளா?” பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“போன வருஷம் கேட்டேன். எனக்க மவளும் கூட இருந்தா. நீங்க சொன்னதைக் கேட்டு அவ ஒரே அழுகை. நான் செத்துப்போனேன்னு, எனக்க பக்கத்திலேயே இருந்து அழுதா.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “அந்தப் பாட்டு நான் எழுதினதாக்கும். அந்தக் கேட்டில நின்ன பொண்ணும் நான்தான்.”

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் கோபப்படவில்லை. அதே நிதானத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

பத்தொன்பது வயதில் அவருக்குத் திருவனந்தபுரத்தில் நர்சிங் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. காலையில் கிளம்பி வருகிறார், கேட் மூடிக் கிடக்கிறது. சரக்கு வண்டி ஒன்று வந்து அங்கேயே நின்றுவிட்டது. பஸ் கேட்டுக்கு அந்தப்புறம் நிற்கிறது. நின்ற நிலையில் பெட்டிகளை எண்ணினார். நாற்பத்தெட்டு. வண்டி நகர்ந்தபோது பஸ் போய்விட்டது, நேர்முகமும் போய்விட்டது. அங்கேயே சின்னப் பாலத்துக் கலுங்குத் திண்டில் உட்கார்ந்து, வந்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார்.

“காதலும் இல்ல, துக்கமும் இல்ல தம்பி. தேஷ்யம், அப்படியொரு கோவம். கேட்டைக் காலால சவிட்டிப் பொளிக்கணும்னு இருந்துது. அதாக்கும் அந்தப் பாட்டு. நீங்க எல்லாரும் ஒப்பாரி மாதிரி பாடுதீங்க.”

அந்தக் குழுவில் நாலு பேர் இல்லை, ஐந்து பேர். நாலு கம்பி வைத்த, தடித்த ஓசை தரும் பேஸ் கிட்டார் வாசித்தது இவர். கேசட் அட்டையில் பெயர் வந்தால் கல்யாணம் நடக்காது என்று அப்பா எடுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் கால்நடைப் படிப்பு, பிறகு கல்யாணம், வேலை.

“வீட்டில ஆருக்கும் தெரியாதாக்கா?”

“மொதல்ல பயம். பொறவு வெக்கம். பொறவு, இனி என்னத்துக்குன்னு விட்டாச்சு. எனக்க பேரு ஒண்ணும் நீங்க சொல்லாண்டாம். செத்துப்போனான்னு மட்டும் சொல்லாதீங்க. பின்னே, கொலுசு நான் போட்டதே இல்ல.”

பேரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் தொழுவத்திலேயே நின்றேன். நாற்பத்தெட்டு நாள் பட்டினி என்று எத்தனை மேடையில் குரல் நடுங்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா ஒரு பெட்டிகூட விடாமல் எண்ணி வைத்ததை.

விழாக் கமிட்டிச் செயலாளரிடம் போய், பேரை மட்டும் விட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. “நோட்டீசில ‘கண்ணீரில் பிறந்த கானம்’னு அடிச்சாச்சு. ஆளு வாறதே அந்தக் கதையைக் கேட்கத்தான். நீரு இப்பம் மாத்திச் சொன்னா கேலி பண்ணிக் கூவுவாங்க. இத்தனை வருஷம் பொய் சொன்னியாலேன்னு உம்மைத்தான் கேப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் பேர் கெடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. விழா அன்று சாயங்காலம் மேடை ஏறும்வரை நான் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

ஏறிப் பார்த்தால், மூன்றாவது வரிசையில் அக்கா. பக்கத்தில் அவர் மகள், முன்கூட்டியே கைக்குட்டையைக் கையில் எடுத்து வைத்திருக்கிறாள்.

“இத்தனை வருஷம் நான் உங்களிட்ட சொன்ன கதை தப்பு” என்று தொடங்கினேன். சரக்கு வண்டியைச் சொன்னேன், போய்விட்ட நேர்முகத்தைச் சொன்னேன், கலுங்கில் இருந்து எழுதிய பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சொன்னேன். கொலுசு என் கற்பனை என்பதையும் சொன்னேன். பின்னாலிருந்து கூவல் வந்தது. யாரோ மலையாளத்தில் கிண்டலடித்தார்கள். ஒருவர் எழுந்து நின்றே கேட்டார்.

“எழுதினது ஒரு பொண்ணுன்னா அவ எங்க? பேரு சொல்லும்.”

“பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அப்பம் இதுவும் உமக்க கதையாக்கும்.”

கூட்டமே சிரித்தது. ஆனாலும் பேரை மட்டும் நான் சொல்லவில்லை.

மூன்றாவது வரிசையில் அக்கா எழுந்தார். அம்மா கிளம்புகிறார் என்று நினைத்து மகள் தன் பையை எடுத்தாள். அக்கா நேராக மேடைக்கு வந்தார். பருத்திச் சேலை, தோளில் தோல்பை. அன்று பாட்டுக் கச்சேரிக்காக அதியன்னூரிலிருந்து வந்திருந்த குழுவில் பேஸ் கிட்டார் வைத்திருந்த வாலிபரிடம் கையை நீட்டினார். அந்த வாலிபர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கொடுத்தார்.

அக்கா கிட்டாரின் தோள்வாரைக் குறுக்கி மாட்டிக்கொண்டு, ஒரு கம்பியை லேசாகச் சுருதி கூட்டினார். டிரம்ஸ்காரரிடம், “மக்கா, நீங்க வாசிக்குததுக்கு இரட்டி வேகம். சரக்கு வண்டி நகந்து போவுத மாதிரி. எனக்க பொறத்தால வா” என்றார்.

முதல் நாலு அடி தனியாக வாசித்தார். மைதானத்தில் மண் அதிர்ந்தது போல இருந்தது. டிரம்ஸ் சேர்ந்தது, கிட்டார் சேர்ந்தது. அவர் பாடத் தொடங்கினார். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘நாற்பத்தெட்டு எண்ணிட்டேன்’ என்று அவர் சொன்னபோது அது கெஞ்சல் இல்லை, கணக்குக் கேட்பது. ‘இன்னும் நீ திறக்கல்லியே’ என்ற இடத்தில் கூட்டம் தானாகவே சேர்ந்து கத்தியது. யாருக்கும் தெரியாத இன்னொரு சரணமும் அதில் இருந்தது. கேட்டின் அடியில் குனிந்து அந்தப்புறம் போய்விட்டேன் என்று அது முடியும். கூவியவர்கள் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார்கள். செயலாளர் வாசகசாலை வாசலில் நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மகள் நின்ற இடத்திலேயே, வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் நான் மைக்கை அவரிடம் கொடுத்தேன். அவர் தன் முழுப் பெயரையும் சொன்னார். அப்புறம், “இனி ஆரும் மெதுவாப் பாடாண்டாம்” என்றார். அவ்வளவுதான்.

யாரோ எடுத்த வீடியோ வெளிநாட்டில் இருக்கும் பாடகருக்கும் போயிற்று. எழுதியது யார் என்று தன்னிடம் யாருமே கேட்டதில்லை, தானாகச் சொல்லாமல் இருந்ததும் தப்புதான் என்று அவர் எழுதியிருந்தார். இப்போது எங்கள் பக்கத்தில் எந்த மேடையிலும் அந்தப் பாட்டு வேகமாகத்தான் ஒலிக்கிறது, எழுதியவர் பெயரோடு.

நான் இன்னும் மைக் பிடிக்கிறேன். ஒருவருடைய கதையைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அவர் மூன்றாவது வரிசையில் உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் வார்த்தையைச் சொல்கிறேன்.