பிரேக் டிஸ்குக்குப் பூக்கட்டிப் பார்த்தேன்

மகளின் காரில் பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் உதறியது. மாத்தூர் மெக்கானிக்கிடம் காரை விட்டுவிட்டு அவள் வேலைக்கு ரயிலேறிப் போய்விட்டாள். அடுத்த நாள் நான் போனபோது, அவர் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். பிரேக் டிஸ்க் வரிவரியாகத் தேய்ந்து கிடந்தது.

"லேத்துல குடுத்து இழைச்சாலும் பிரயோஜனம் இல்ல பெர்சு. புதுசுதான். பொண்ணு ரோட்டுல ஓட்டுதா, ட்ராக்குல ஓட்டுதா?"

"ரெண்டுலயும்தான்."

அவள் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே விடுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழகுகிறாள். சனிக்கிழமை மட்டும் அதே காரில் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்து, மறுநாள் விடியற்காலையில் கிளம்பிவிடுவாள். அவள் அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் இரண்டு தட்டு கழுவுவது அந்த ஒரு நாள்தான்.

"சுவத்துல ஓட்டை ஓட்டையா ஒரு டிஸ்க் மாட்டி வெச்சிருக்கியே, அது?" என்று கேட்டேன்.

"பாக்கத்தான் சோக்கா இருக்கும். ட்ராக்குல சூடேறுனா ஓட்டைலேர்ந்து விரிசல் வுடும். வூட்டுக்கு வந்துகினு போயிகினு இருக்க ப்ளெயின் டிஸ்க் போதும். ஆனா ட்ராக்குல நாலு சுத்து சுத்துனா சூடாயி பிரேக்கு பிடிப்பு கிடைக்காம பூடும். ட்ராக்குன்னா கோடு வெட்டுன டிஸ்க், அதுக்குன்னு தனி பிரேக் பேடு."

"அதையே ரோட்டுலயும் ஓட்டக்கூடாதா?"

"அந்த பேடு சூடு ஏறுனாத்தான் கவ்வும் பெர்சு. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி சடார்னு நின்னா, 'இரு தலைவா, சூடாயிட்டு வரேன்'னு சொல்லுவியா?"

மகளுக்குப் போன் போட்டேன்.

"ட்ராக் செட்டு போட்டா காரை இங்கியே ஷெட்டுல வுட்டுருவேன் நைனா. ப்ளெயின் போட்டா முன்ன மாரி வூட்டுக்கு ஓட்டிகினு வருவேன், ட்ராக்குல கொஞ்சம் பாத்துக்கணும். நீயே சொல்லு. நீ சொல்றதப் போட்டுக்கறேன்."

"காரு இல்லாங்காட்டி எப்டி வருவே?"

"மெட்ரோ கீதுல்ல?"

மெட்ரோ இருக்கிறது. ஆனால் ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்து, ரயில் மாறி, ஒரு வேளைச் சோற்றுக்காக வாராவாரம் யார் வருவார்கள்?

முடிவு தெரியாத எதற்கும் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்ப்போம். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதற்கும் அப்படித்தான் பார்த்தோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டுவிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். மனைவி கட்டுவாள், நான் எடுப்பேன். கட்டியவர் எடுக்கக்கூடாது.

இந்த முறை கட்டவும் நான்தான், எடுக்கவும் நான்தான். வெள்ளை அரளி ப்ளெயினுக்கு, சிவப்பு ட்ராக்குக்கு. சாமி படத்தின் முன்னால் இரண்டையும் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். தொட்டதும் தெரிந்துவிட்டது. வெள்ளையைக் கொஞ்சம் பெரிய இலையில் மடித்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை செய்துவிட்டது.

விரல் அதன் மேலேயே இருந்தது. எடுத்தால் சனிக்கிழமை கார் வரும், வாசலில் ஹாரன் அடிக்கும். 'தாயே, இதை நீ சொன்னதாக நான் எப்படிச் சொல்லுவேன்' என்று மனசுக்குள் கேட்டேன். நாலு சுத்தில் பிடிப்பு போய்விடும் என்று மெக்கானிக் சொன்னதுதான் காதில் நின்றது. கையை நகர்த்திச் சின்ன மடிப்பை எடுத்தேன். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இருந்தாலும் பிரித்தேன். மகளுக்கு மறுபடி போன் போட்டேன்.

"கோடு வெட்டுனதையே போடச் சொல்லிடறேன்மா."

"அம்மன் சொல்லிச்சா நைனா?"

"பூ வந்துச்சு."

"யாரு கட்டுனா?"

பிரித்த இலையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் வருகிறாள். சில மாதம் அதுவும் இல்லை. கார் நின்ற இடத்தில் இப்போது எதிர்வீட்டு மீன்வண்டி நிற்கிறது. எடுக்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். "ட்ராக்கு முடிஞ்சிச்சு நைனா" என்று அவள் சொல்லும் வரைக்கும் எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்.