காற்றாலையின் உச்சி யன்னல்

மெழுகுதிரிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி குறுகிய மரப்படிகளில் ஏறுகிறேன். டென்மார்க்கின் மேற்குக் கரையில் தானியம் அரைத்த பழைய காற்றாலை இது. இப்போது சிவம் அண்ணையின் வீடு. சுவரெல்லாம் வட்டமென்பதால் ஃப்ரிட்ஜ்கூட நடு அறைக்குள் துருத்திக்கொண்டுதான் நிற்கிறது. பிராண்டே நகரத்துத் தொழிற்சாலையில் மின்சாரம் எடுக்கும் ராட்சதக் காற்றாலைகள் செய்கிற மனிதர் குடியேற வேறு எங்கே போவார்!

"கெதியா ஏறும் தம்பி, இருட்டப் போகுது!" கீழிருந்து சத்தம் போடுகிறார்.

இன்று மே நாலு. 1945இல், இரண்டாம் உலகப் போரில் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை சரணடைந்த செய்தி வானொலியில் வந்த மாலை, இந்த நாடே இருட்டடிப்புத் திரைகளைக் கிழித்தெறிந்துவிட்டு யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றியது. இன்றும் ஏற்றுகிறார்கள். இந்த ஆலை அப்போது ஜெர்மன் ராணுவத்தின் காவற்கோபுரமாம். சிப்பாய்கள் கீழே நிற்கும்போதே ஆலைக்காரர் உச்சி யன்னலில் விளக்கை வைத்துவிட்டாராம். கடலில் நின்ற மீனவர்கள் அதைக் கண்டுதான் சண்டை முடிந்ததை அறிந்தார்களாம்.

அதே யன்னலில் திரியைக் கொளுத்துகிறேன். கடற்காற்று அணைக்கிறது. மறுபடி கொளுத்துகிறேன், பிடித்துக்கொள்கிறது! கரையில் நிற்கும் பக்கத்து வீட்டு இங்கர் இரண்டு கைகளையும் ஆட்டிக் கூவுகிறார். நானும் கூவுகிறேன்.

ஓடி இறங்கி, "அரைப் பெட்டி மிச்சமிருக்கு அண்ணை, எல்லாத்தையும் கொளுத்துவமா?" என்கிறேன்.

"வேண்டாம் தம்பி. அது பதினெட்டாந் தேதிக்கு. ஊரில எங்கட சனம் கொத்துக்கொத்தாச் செத்து, எங்கட சண்டை முடிஞ்ச நாளுக்கு."

"அண்டைக்கும் உச்சி யன்னலிலயோ?"

"ஓம். ஆனா அண்டைக்கு இங்கர் கை காட்டுறேல்லை. இஞ்ச வந்து, ஒண்டும் கதையாம, எங்களோட இருப்பா."