மூடி வைத்த மோர்

பேரையூரில் பாண்டீஸ்வரியின் உப்புக்கண்டத்துக்குத் தனி மவுசு. ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி, கயிற்றில் கோத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைப்பாள். அதோடு விட்டிருக்கலாம். கறி கறுக்காமல் சிவப்பாகவே இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. அந்தச் சிவப்பைத் தரும் உப்பைக் கப்பலூர்க் கறிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது பார்த்திருக்கிறாள். அங்கே அது பூட்டிய அலமாரியில், விஷம் என்று எழுதிய டப்பாவில் இருக்கும். தராசில் நிறுத்துத் துளிதான் போடுவார்கள். அதைக் கொஞ்சம் வாங்கி வந்தாள். இவளும் நிறுத்துத்தான் போட்டாள். ஆனால் வைத்தது பழைய ஊறுகாய் பாட்டிலில், அடுப்படியில், தூள் உப்புக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே வெள்ளை. தன்னைத் தவிர அடுப்படிக்குள் யார் நுழையப்போகிறார்கள் என்ற நினைப்பு.

அது பொய்யுமில்லை. அவள் புருஷன் நல்லகாமன் கல்யாணமான நாளிலிருந்து தண்ணீரைக்கூடத் தானாக மோந்து குடித்ததில்லை. அந்த மத்தியானம் என்ன தோன்றியதோ, இரண்டு டம்ளர் மோருடன் மாடியேறி வந்தான்.

"இம்புட்டு வெயில்ல நிக்கிறியே. நானே கலக்குனேன், குடி."

அவள் கையெல்லாம் கறி. "வச்சிட்டுப் போங்க, வாரேன்" என்றாள். சிரிப்புகூட வந்தது அவளுக்கு.

அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டு இறங்கினான். சற்று நேரத்தில் கீழே சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. "கடைசியா என்னம்மா சாப்ட்டாரு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதுதான் அந்த பாட்டில் அவள் கண்முன் வந்தது. அதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கயிற்றில் கிடந்த கறியை அவிழ்க்க மாடியேறினாள். கைப்பிடிச் சுவரில் அவளுக்கென்று வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. ஈ விழுந்துவிடுமே என்று தட்டுப் போட்டு மூடியிருந்தான்.