மேடையில் கூப்பிட்ட பெயர்

இதில் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. என் பெயரும் இல்லை, என் மகளுடைய பெயரும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகும். ஆனாலும் பிறரைக் கொண்டு எழுதுவிக்க மனம் வரவில்லை. பியானோவையும் நானே வாசித்தேன், நாடகத்திலும் நானே நடித்தேன், இதையும் நானே எழுதுகிறேன்.

மட்டக்களப்புப் பட்டணத்தில் பியானோ என்றால் ஒரு காலத்தில் என்னைத்தான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் அம்மா வாவிக் கரையில் ஒரு பறங்கி டீச்சர் வீட்டில் சமைத்தாள். டீச்சர் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ பழக்குவார். நான் குசினி வாசலில் தேங்காய் துருவியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகு பியானோவுக்கு முன்னால் போய் இருந்து, அவர்கள் பிழைவிட்ட இடத்தைப் பிழையில்லாமல் வாசித்தேன். அடி விழும் என்று அம்மா ஓடி வந்தாள். டீச்சர் அடிக்கவில்லை. கதிரையில் இரண்டு தலையணையைப் போட்டு, "நிமிந்து இரு" என்றார்.

தாளில் இருக்கும் புள்ளிகளை எனக்கு விளங்கவைக்க அவர் எவ்வளவோ பாடுபட்டார். மண்டையில் இறங்கவில்லை. ஒரு முறை கேட்டால் விரல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த விரலை வைத்து முப்பது வருடம் மேடையில் இருந்தேன். கோயில் திருநாள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, கொழும்பிலிருந்து வரும் பாட்டுக்காரர், எல்லாவற்றுக்கும் நான்தான். ஒரு முறை பெரிய கச்சேரி ஒன்றில், வெறுமையாய் இருந்தால் மரியாதை இல்லை என்று எனக்கு முன்னால் ஒரு தாளை வைத்தேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த சுவாமி ஒருவர் கிட்ட வந்து, "பிள்ளை, தாள் தலைகீழாக் கிடந்தது" என்று மெல்லச் சொன்னார்.

"அது எந்தப் பக்கம் கிடந்தாலும் எனக்கு ஒண்டுதான் சுவாமி" என்றேன்.

இந்தக் கதையை என் மகள் சின்ன வயதிலிருந்து நூறு தரம் கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்பது போலச் சிரிப்பாள்.

டீச்சர் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது பியானோவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அப்போது நான் கலியாணம் முடித்து, வாவிக்கும் கடலுக்கும் இடையில் கல்லடிப் பக்கம் இருந்தேன். லொறிக்காரன் ஏற்றமாட்டேன் என்றான். என் புருசனும் கூட்டாளிமாரும் இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, வாவியால் கொண்டுவந்தார்கள். கரையில் நின்றவர்கள் கேலியை விட்டபாடில்லை.

"என்ன மச்சான், உள்ளுக்க ஆனையா கிடக்கு?"

"ஆனையெண்டா நடத்திக் கூட்டி வந்திருப்பனே!"

அந்த மனிதர், மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், மகள், பியானோ. மாரி காலத்து ஈரத்தில் பியானோக் கட்டைகள் ஊதிப்போகும் என்று அதற்குள்ளே ஒரு சின்ன பல்ப் எரிய விடுவேன். "எனக்குக் குளிருது, எனக்கும் ஒரு பல்ப் போடுங்க" என்பாள் மகள். வீடு அவள் பெயரில்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து இருப்பான். பெண் வீட்டை விட்டுப் போவது வழக்கமில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் பாலம் கடந்து பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். நான் வருடப்பிறப்புக் கச்சேரிக்கு வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. எழும்பவும் நேரம் இல்லை. கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, பியானோவைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவு நிலையில் இறுக்கியது. என் வலது கை நிலைக்கும் பியானோவுக்கும் நடுவில். பக்கத்து வீட்டுக்காரரைக் கடல் இழுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். என்னை இழுக்க முடியவில்லை. கை மாட்டியிருந்தது. என்னைப் பிடித்து வைத்ததும் பியானோதான், என் இரண்டு விரலைத் தின்றதும் அதுதான். சுட்டுவிரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நூற்றுக்கணக்கான சனம். மூன்றாம் நாள் காலையில் மகள் என்னைத் தேடி வந்தாள். வாசலில் நின்று "அம்மா!" என்று கூப்பிட்டாளாம். அந்த மண்டபத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்களாம். என்ன செய்வாள்? பெற்ற தாயை, வாய் கூசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயரையும் சொல்லி. நான் கரும்பலகைக்குக் கீழே படுத்திருந்தேன். "ஓம்" என்றேன்.

அவள் ஓடி வந்து விழுந்து அழுதபோது பக்கத்தில் இருந்த கிழவி, "தாயப் பேர் சொல்லிக் கூப்பிடுறாளே, என்ன வளப்புகா இது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

விரல் போனது பற்றி நான் யாரிடமும் அழவில்லை. முகாமில் சும்மா இருந்தேன். அப்போதுதான் நாடகக்காரர் ஒருவர் வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். கடலுக்கு மகளைக் கொடுத்த ஒரு தாயின் கதையை எழுதி வைத்துக்கொண்டு, முகாம் சனத்தையே நடிக்க வைக்கத் தேடினார். தாய் வேடத்துக்கு ஒருத்தியும் வரவில்லை.

"மேடையில ஏறி ஆடினா நாலு சனம் என்ன சொல்லும்?" என்றார்கள்.

நான் எழும்பினேன். முப்பது வருடம் மேடையில் இருந்தவளுக்கு என்ன வெட்கம்? அவ்வளவு காலமும் சனத்துக்கு என் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். இனி முகத்தையும் பார்க்கட்டும்.

வசனம் எழுதிய கொப்பியை என்னால் ஓடி வாசிக்க முடியாது. மகள்தான் கூடாரத்தில் இருந்து வாசிப்பாள், நான் கேட்டுப் பிடிப்பேன். "இந்த இடத்தில குரல இறக்குங்க அம்மா" என்பாள். சில நேரம், "நான் கொப்பியத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறன், தெரியுதா?" என்று சீண்டுவாள். கடைசிக் காட்சியில் தாய், செத்த மகளின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைக்க வேண்டும். கொப்பியில் மாஸ்டர் எழுதிய ஒரு பெயர் இருந்தது. அதையும் மகளின் குரலில்தான் கேட்டுப் பிடித்தேன்.

வீடு கட்ட வந்த மேசன் ஒருவனை அவளுக்குப் பிடித்தது. கிளிநொச்சிப் பக்கத்துப் பொடியன், நல்ல குணம். சமாதான காலம் என்றபடியால் பாதை திறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி அவன் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். வீட்டைக் கடல் கொண்டுபோனபடியால், கலியாணம் முடித்து அவள் அவனோடு போனாள். பஸ் ஏறும்போது, "வீடு கட்டி முடிச்ச உடனே சொல்லியனுப்புங்க, இவரையும் இழுத்துக்கொண்டு வாறன்" என்றாள். வீடு கட்டி முடியுமுன் பாதையைப் பூட்டிவிட்டார்கள். சண்டை திரும்பத் தொடங்கியது.

மண்டூரில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் பின்னேரம் நாடகம் போட்டோம். கடைசிக் காட்சியில் நான் மண்ணில் இருந்து மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். மகளின் குரல் காதுக்குள் கேட்டது. வாயில் வந்தது கொப்பியில் இருந்த பெயர் இல்லை. என் மகளுடைய பெயர். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. அந்தப் பெயரை வைத்தே முழு ஒப்பாரியையும் பாடினேன். முற்றம் முழுக்க அழுதது. வேலியில் சாய்ந்து நின்ற ஆண்களும் அழுதார்கள்.

நாடகம் முடிந்ததும் என் தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கு விசரா அக்கா? உசிரோட இருக்கிற புள்ளைட பேரச் சொல்லி ஒப்பாரி வைக்கிறியே! ஒப்பாரியில செத்தவட பேரத்தானே சொல்லுற!"

அது எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இனி அந்தப் பேரையே வைங்க. இப்பிடி ஒரு ஒப்பாரிய நான் கேட்டதில்ல" என்றார். தங்கை சொன்னதை நான் கேட்கவில்லை. மாஸ்டர் சொன்னதைக் கேட்டேன். கைதட்டுப் பழகினவள் நான்.

மகள் எப்போதாவது ரெலிபோன் எடுப்பாள். சந்திக் கடைக்கு வரும், ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். ஒப்பாரியில் அவள் பெயரைச் சொன்னதை முதல் முறை சொன்னபோது சிரித்தாள்.

"அப்ப நான் செத்துட்டனா அம்மா? சனம் நல்லா அழுதிச்சா?"

"ஓம்."

"எனக்கும் கொஞ்சம் அழுங்க, இஞ்ச ஒருத்தரும் அழ இல்ல" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியாக எடுத்தபோது, சண்டை கிட்ட வர வர அவள் இடம் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சத்தமாய் இருந்தது. சுகம் கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை.

"அம்மா, இன்னும் அந்த நாடகம் போடுறீங்களா?"

"இடைக்கிட போடுறம், புள்ள."

"என்ட பேர அதில இருந்து எடுங்க."

"சரி."

"சத்தியமா எடுங்க, அம்மா."

"சத்தியமா எடுக்கிறன், புள்ள."

அடுத்த கிழமை பட்டணத்து மண்டபத்தில் நாடகம். என்னுடைய பழைய மண்டபம். பியானோவுக்கு முன்னால் எத்தனையோ தரம் நான் இருந்த அதே மேடை. பெரிய ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நான் கொப்பியில் இருந்த பெயரைத்தான் சொல்ல நினைத்துக்கொண்டு ஏறினேன். சொல்லியும் தொடங்கினேன். சனம் அழவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார், ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் மகளுடைய பெயரைச் சொன்னேன்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்து சொன்னேன். எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு ரெலிபோன் வரவில்லை. சண்டை முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். வவுனியாவில் கம்பிவேலிக்குள் சனத்தை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தங்கையும் நானும் போனோம். வேலிக்கு வெளியே வெயிலில் நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அன்று என்னைக் கூப்பிட்டது போலவே, முழுப் பெயரையும். மேடையில் பழகின குரல், தூரத்துக்குக் கேட்கும். நாலு நாள் கூப்பிட்டேன். எத்தனையோ பேர் வேலிக்குக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "ஓம்" என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மருமகனைக் கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து நாடகத்தை விட்டேன். கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். செத்துவிட்டாள் என்று ஒப்பம் வைத்தால் அலுவல் முடியும் என்றார்கள். வைக்கவில்லை. தங்கைக்கு அது பிடிக்கவில்லை.

"எத்தின வரிசம் அக்கா? ஒரு கடமை செய்ய இல்ல, ஒரு ஒப்பாரி வைக்க இல்ல. போன புள்ளையெண்டா அதுட ஆத்துமா அலையுமே."

"இருக்கிற புள்ளையெண்டா?"

 எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. செத்திருந்தால் ஒரு நல்ல ஒப்பாரி என் மகளுக்கு நான் வைக்க வேண்டியது. உயிரோடு இருந்தால் அந்த ஒப்பாரியே அவளுக்கு நான் செய்யும் பெரிய பாவம். ஏற்கனவே செய்தாயிற்று, கைதட்டும் வாங்கியாயிற்று.

பல வருடம் கழித்து மாஸ்டர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஆரையம்பதியில் கடலுக்கும் சண்டைக்கும் போனவர்களை நினைத்து ஒரு நிகழ்ச்சி, அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியை மட்டும் போடவேண்டும் என்றார்.

"எந்தப் பேர் எண்டாலும் வைங்க அக்கா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

மூன்று நாள் யோசித்தேன். எனக்கும் வயது போகிறது. நான் போய்விட்டால் அவளுக்கு ஒப்பாரி வைக்க ஆள் இல்லை. இந்த முறை கைதட்டுக்கு இல்லை, அவளுக்காக வைப்போம் என்று முடிவெடுத்தேன். தங்கையிடம் சொன்னேன். துக்கத்துக்கு நான் உடுக்க அவள் வெள்ளைச் சீலை எடுத்து மடித்து வைத்தாள்.

வெயில் தாழ்ந்த நேரம். மேடையில் மண்ணைப் பரப்பியிருந்தார்கள். நான் மண்ணில் உட்கார்ந்தேன்.  கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, என் மகளுடைய பெயரைச் சொல்லி இழுத்தேன்.

"ஓம்!"

கண்ணைத் திறந்தேன். நடுவில் ஒரு பெண் எழும்பி நின்றாள். முப்பது வயது இருக்கும், இடுப்பில் பிள்ளை. அவளுக்கும் அதே பெயர். நிகழ்ச்சிக்காரர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சீலையைப் பிடித்து இழுத்தார்கள், இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் வெட்கப்பட்டு, "மன்னிச்சுக்கங்க அம்மா, நாடகமெண்டு தெரியாமச் சொல்லிட்டன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளின் சாயல் கொஞ்சமும் இல்லை. இவள் கறுப்பு, நெடுவல். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்ட இத்தனை முறையில் "ஓம்" என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

மாஸ்டர் மேடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அக்கா, இன்னொருக்காத் தொடங்குவமா?"

"ஏலா மாஸ்டர். ஓம் எண்டுட்டாள்."

"அது வேற ஆள், அக்கா."

"தெரியும்."

நான் எழும்பினேன். சீலையில் ஒட்டிய மண்ணை மூன்று விரலால் தட்டினேன். சனத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, கை தட்டவும் இல்லை. மேடையால் இறங்கி அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் பயந்துபோய் நின்றாள்.

"சாப்பிட்டியா, புள்ள?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா" என்றாள்.

தங்கையும் நானும் பஸ்ஸில் வந்தோம்.  வெள்ளைச் சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.